குளிருக்கு சைக்கிளை எப்ப நிப்பாட்டுறது? மார்கழி விடியலும் நுவரெலியாப் பயணமும்

நெல்லியடி_5.15 கேட்டது:

வணக்கம். மார்கழி பிறந்தால் எங்கட வீட்டில ஒவ்வொரு நாளும் இதே கதைதான்: "இந்தக் கூதலுக்குள்ள சைக்கிள்ல போகோணுமோ?" எனக்கு ஒரு தெளிவான முடிவு வேணும்.

நான் விடிய 5.15க்கு நெல்லியடியில இருந்து வெளிக்கிட்டு, வல்லை வெளி தாண்டி ஆவரங்கால் மட்டும் போறனான். 40 நிமிச ஓட்டம். கம்பி பிறேக் போட்ட பழைய பார் சைக்கிள், டைனமோ லைற். மகளுக்கு 14 வயது, 6 மணி ரியூசனுக்கு 3 கி.மீ ஓடுறா. சின்னனில இருந்து முட்டு (ஆஸ்துமா) இருக்கு, இன்கேலர் பாவிக்கிறவ. அதோட தை கடைசியில நாங்கள் மூன்று பேர், கியர் சைக்கிளோட கண்டியில இருந்து நுவரெலியா ஏறி, ஒரு இரவு தங்கி, அடுத்த நாள் விடிய இறங்கிற யோசினை.

போனில காட்டுற வெப்பநிலையைப் பார்த்து, "இத்தனை பாகைக்குக் கீழ எண்டால் சைக்கிள் எடுக்கிறேல்லை" எண்டு ஒரு இலக்கம் சொல்லுவியளோ? மழைக்கோட்டு எது நல்லது எண்டும் சொல்லுங்கோ.

---

வாடைக்காத்து:

அக்கா, யாழ்ப்பாணத்துக்கு அப்பிடி ஒரு இலக்கம் இல்லை. மார்கழி, தை விடியலில் இங்கே பெரும்பாலும் 20க்கும் 24 பாகைக்கும் இடையில்தான் நிற்கும். உலர்ந்த உடுப்போடு மிதிக்கிற ஆளுக்கு அது குளிரே இல்லை, முதல் ஐந்து நிமிடம் தாண்டினால் உடம்பு தானே சூடேறிவிடும். நாங்கள் கூதல் என்று சொல்வது வெப்பமானி காட்டுவதை அல்ல. ஈரமும் காற்றும் ஒன்றாகச் சேர்வதைத்தான் அப்படிச் சொல்கிறோம்.

2022 மார்கழியில் மாண்டஸ் புயல் கடந்தபோது வடக்கிலும் கிழக்கிலும் மாடுகளும் ஆடுகளும் நூற்றுக்கணக்கில் செத்தன. தண்ணீர் உறைகிற குளிர் அன்று எங்குமே இல்லை. இரவு முழுக்க மழையில் நனைந்தபடி, ஒதுங்க இடமில்லாத வெளியில், காற்றுக்குள் நின்றதுதான் அவற்றை விழுத்தியது. மனித உடம்புக்கும் அதே கணக்குத்தான். அசையாத தண்ணீர்கூட காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். நனைந்த பருத்திச் சேட்டில் கால் லீற்றர் தண்ணீர் நின்றால், அது காய்ந்துபோக ஏறத்தாழ 140 கிலோகலோரி சூடு வேண்டும். விடியப்பறம் வெயிலும் இல்லை. ஆகவே அதில் பெரும்பகுதி உங்கள் முதுகிலிருந்துதான் போகிறது.

உங்கள் பாதையில் இன்னொரு சிக்கல் உண்டு. வாடை வடகிழக்கால் அடிக்கும். நெல்லியடியிலிருந்து வல்லைக்குப் போகும்போது அது பின்னாலும் கொஞ்சம் வலப்பக்கத்தாலும் வரும். 25 கி.மீ வேகக் காற்று முதுகில் அடிக்க, 15 கி.மீ வேகத்தில் நீங்கள் ஓடினால், உடம்பில் படும் காற்று 10 கி.மீ மட்டுமே. கூதல் தெரியாது, நல்லா வியர்க்கும். ஆவரங்காலில் இறங்கி நின்ற பிறகுதான் கொடுகத் தொடங்கும். அதே காற்றை எதிர்த்துத் திரும்பினால் நெஞ்சில் படுவது 40 கி.மீ. ஆகவே தடித்த சுவெற்றரைவிட, ஒரு சொப்பின் பைக்குள் சுற்றிய உலர்ந்த பெனியனும் சேட்டும்தான் உங்களுக்கு முக்கியம். போய்ச் சேர்ந்த 5 நிமிடத்துக்குள் மாற்றிவிடுங்கள். திரும்பி வரும்போது குளிர்ந்தால் பெனியனுக்கும் சேட்டுக்கும் இடையில், நெஞ்சுப் பக்கம் மட்டும், பத்திரிகைத் தாள் இரண்டை விரித்து வையுங்கள். காற்றை மறிப்பதற்கு அது போதும்.

காதைத் துவாயால் கட்டுவது எங்கள் வழக்கம். ஆனால் வலக்காதை மூடாதீர்கள். முந்தி வருகிற பஸ் உங்கள் வலப்பக்கத்தால்தான் வரும், எதிர்க்காற்றில் அதன் சத்தம் ஏற்கெனவே பாதியாகத்தான் கேட்கும்.

நான் பாவிக்கும் எல்லைகள் இவை. உலர்ந்த காற்று, உலர்ந்த உடுப்பு என்றால் எந்த நாளும் ஓடலாம். தூறலோடு வல்லையில் காற்று 30 கி.மீக்கு மேல் என்று முன்னறிவிப்பு இருந்தால் பஸ். முன்னறிவிப்புப் பார்க்காமல் போய்விட்டால், நேராகப் பிடித்திருக்கும்போதே காற்று சைக்கிளை அரை மீற்றருக்கு மேல் தள்ளுகிறதா என்று பாருங்கள். தள்ளினால் இறங்கி உருட்டுங்கள். வல்லைப் பாலத்தில் ஏறுவதற்கு முதலே இதைத் தீர்மானிக்க வேணும், ஏறிய பிறகு ஒதுங்க இடம் கிடையாது.

---

கோண்டாவில் திருத்தகம்:

மேலே சொன்னது மார்கழிக்குச் சரி. தை, மாசிக்கு ஆபத்து வேறு. "தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்று சும்மா சொல்லவில்லை. மழை ஓய்ந்து வானம் வெளிக்கும்போது நிலம் இரவில் தன் சூட்டை மேலே விட்டுவிடும், ஈர வயலுக்கு மேல் பனிப்புகார் படியும். கூதல் ஒருவரை விழுத்துவது குறைவு. புகார்தான் விழுத்தும்.

கணக்கைப் பாருங்கள். 20 கி.மீ வேகத்தில் ஒரு செக்கனுக்கு 5.6 மீற்றர் போகிறீர்கள். கண்டு, விளங்கி, பிறேக் பிடிக்க ஒன்றரைச் செக்கன், அதுவே 8 மீற்றர். உலர்ந்த றிம் என்றால் பிறகு 4, 5 மீற்றரில் நிற்கும். பழைய இரும்பு றிம் நனைந்திருந்தால் பிறேக் கட்டை வழுக்கும், 15 மீற்றராவது இழுக்கும். மொத்தம் 23 மீற்றர் ஓட்டம். ஆனால் பெரிய பயம் உங்களுக்குப் பின்னால் வருகிறது. ஈரமான றோட்டில் 60 கி.மீ வேகத்தில் வரும் வாகனம் உங்களைக் கண்டபிறகு நிற்க 50 மீற்றருக்கு மேல் வேணும். ஆகவே என் எல்லை 50 மீற்றர். உங்கள் படலையடியில் இருந்து 70 பெரிய எட்டு வைத்து, அந்த இடத்தில் இருக்கும் மின்கம்பத்தையோ மதிலையோ குறித்து வையுங்கள். விடிய அது தெரியவில்லை என்றால் சைக்கிளை எடுக்காதீர்கள். வெயில் ஏறினால் பெரும்பாலான நாட்களில் 7.30, 8 மணிக்குள் புகார் கலைந்துவிடும்.

முதல்நாள் இரவே ஊகிக்கலாம். போனில் வெப்பநிலையோடு பனிநிலை வெப்பநிலையும் (dew point, காற்றின் ஈரம் துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) காட்டும். இரண்டுக்கும் வித்தியாசம் 1 பாகைக்குள், காற்று 5 கி.மீக்குக் கீழ், வானம் வெளிப்பு என்றால் விடியப் புகார் வரும் என்று எண்ணி பஸ்காசை எடுத்து வையுங்கள்.

சைக்கிள் வேலை:

டைனமோவை நம்பாதீர்கள். பனியில் ரயரின் பக்கச் சுவர் நனைந்தால் டைனமோ உருளை சறுக்கும், லைற் மங்கி மங்கி அணையும், அதுவும் உங்களுக்கு வெளிச்சம் தேவைப்படுகிற அதே நேரத்தில். பற்றறி லைற் ஒன்றை ஹாண்டிலுக்குக் கீழே, முன் மட்காட் உயரத்தில் பூட்டுங்கள். தலையில் கட்டும் ரோச் புகாருக்குச் சரிவராது. ஒளி துளிகளில் பட்டுக் கண்ணுக்கே திரும்பி வரும், முன்னால் வெள்ளைச் சுவர் மாதிரித் தெரியும். பின்னுக்குச் சிவப்பு லைற் இரண்டு வேணும். ஒன்று விடாமல் எரியட்டும், மற்றது மின்னட்டும். மின்னுகிறது மட்டும் இருந்தால் சாரதிக்கு நீங்கள் எவ்வளவு தூரத்தில் நிற்கிறீர்கள் என்று மட்டுக்கட்ட முடியாது.

கம்பி பிறேக்: கட்டையின் முகம் கண்ணாடி மாதிரி மினுங்கினால் இறுகிப்போச்சு என்று அர்த்தம். கழற்றி, சாண்ட் பேப்பரை மட்டமான பலகையில் விரித்து, கட்டையை அதில் 20 தரம் இழுங்கள். சொரசொரப்பு வந்தவுடன் திரும்பப் பூட்டி, றிம்முக்கும் கட்டைக்கும் 2 மி.மீ இடைவெளி விடுங்கள். றிம் ஒரு இடத்தில் கோணலாக இருந்தால் 3 விட வேணும், இல்லாவிட்டால் அந்த இடத்தில் மட்டும் உரசும். பனி நாளில் நிற்க வேண்டிய இடத்துக்கு 20 மீற்றர் முதலே மெதுவாக ஒருதரம் பிடித்து விடுங்கள். றிம்மில் உள்ள தண்ணீரை வழிப்பதற்குத்தான் அது. இரண்டாவது பிடியில்தான் சைக்கிள் நிற்கும்.

செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விடுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. அது 24 பாகை அளவில் உறையும். விடியக் குசினியில் போத்தலுக்குள் வெள்ளையாக இறுகி நிற்கிறதே, செயின் கண்ணிக்குள்ளும் அதே நிலைதான். நாள்பட்டால் பிசினாகிப் புழுதியையும் பிடிக்கும். தையல் மெசின் ஓயிலும் மழைக்கு நிற்காது, ஒரு நனைவில் கழுவுண்டு போகும். சைக்கிள் செயின் ஓயில், கண்ணிக்கு ஒரு துளி, பத்து நிமிடம் ஊறவிட்டு வெளியில் நிற்பதை வடிவாகத் துடைக்க வேணும். கடல்நீரேரிக் காற்றுப் படுகிற பாதை என்றால் கிழமைக்கு ஒருக்கா.

இன்னொன்று. விடியும் நேரத்தில் தார் றோட்டில் சூடு மிச்சம் இருக்கும் என்று மாடுகள் வந்து நடுறோட்டில் படுக்கும். கறுப்பு மாடு புகாருக்குள் 10 மீற்றரில்கூடத் தெரியாது. கொழும்பிலிருந்து வரும் இரவு பஸ்கள் 5, 6 மணிக்குத்தான் உள்ளே வரும், சாரதி இரவு முழுக்க முழித்தவர். ஏ9 (கண்டி - யாழ்ப்பாணம் வீதி) பக்கம் ஓடுகிறவர்கள் இந்த இரண்டையும் சேர்த்து நினையுங்கள்.

---

மூச்சு:

மகளின் முட்டு வருத்தத்தைப் பற்றி மட்டும். குளிர்ந்த காற்று மூச்சுக்குழாயைச் சுருக்குவது அது வறண்ட காற்றாக இருப்பதால்தான் பெரும்பாலும். எங்கள் காற்று ஈரமானது, 22 பாகையில் அந்தக் காரணம் பெரிதில்லை. இங்கே பிள்ளைகளுக்கு இழுப்பு வருவது புகையால். அசையாத விடியலில் நிலத்தோடு குளிர்ந்த காற்றும் அதற்கு மேல் சூடான காற்றுமாக நிற்கும், மூடி போட்ட பானை மாதிரி. ஒருவர் வளவுக்குள் குப்பை கொளுத்தினால் அந்தப் புகை மேலே எழும்பாமல் தெருவோடு படரும். வீட்டு வாசலில் நின்று பாருங்கள். அடுப்புப் புகை நேரே மேலே போனால் போகலாம். கூரை மட்டத்தில் மடங்கிப் படுத்துக்கொண்டால் அன்று அவவைச் சைக்கிளில் விடாதீர்கள். மாண்டஸ் நேரம் காற்று மாசு காரணமாக அரச பள்ளிக்கூடங்களையே ஒரு நாள் மூடினார்கள். முட்டுள்ள பிள்ளைக்கு அப்படியான நாள் வீட்டில் நிற்கும் நாள்தான்.

போகிற நாளில் முதல் 10 நிமிடம் மெதுவாக, பேசிக்கொண்டு ஓடக்கூடிய வேகத்தில் போகட்டும். வாயையும் மூக்கையும் ஒரு மெல்லிய பருத்தித் துணியால் மூடலாம், அது நனைந்தால் மாற்ற வேணும். ஓடுவதற்கு முன் இன்கேலர் எடுக்கும்படி கிளினிக்கில் சொல்லியிருந்தால் வெளிக்கிட 10, 15 நிமிடத்துக்கு முதல் எடுக்க வேணும், சைக்கிளில் ஏறும்போது அல்ல. சொல்லவில்லை என்றால் அடுத்த கிளினிக்கில் கேளுங்கள். இன்கேலர் புத்தகப் பையின் அடியில் கிடக்கக் கூடாது, சட்டைப் பையில் இருக்க வேணும். முதல் நாள் இரவு இருமினால், அல்லது ஒரு வசனத்தை மூச்சு விடாமல் சொல்லி முடிக்க அவ தடுமாறினால், வெப்பநிலை என்னவாக இருந்தாலும் சைக்கிள் வேண்டாம்.

---

மலைப்பாதை:

நுவரெலியாவுக்கு இலக்கம் உண்டு, அங்கே அது தேவையும்.

நுவரெலியா 1,868 மீற்றர். 1,000 மீற்றர் ஏற 6.5 பாகை குறையும் என்ற பொதுக் கணக்கில், கடல் மட்டத்தில் 27 என்றால் அங்கே 15. அது பகலுக்கு. தை, மாசியில் வானம் வெளித்து, காற்று அசையாத இரவுகளில் நகரம் கிடக்கும் பள்ளத்துக்குள் குளிர்காற்று வடிந்து தேங்கும். விடிய 5 பாகைக்குக் கீழே போவது புதினமில்லை, புல்லில் உறைபனியும் விழும். வெப்பநிலையை ஆள் மட்டத்தில்தான் அளக்கிறார்கள். நிலம் அதைவிட இன்னும் குளிர்ந்திருக்கும் என்பதால் போனில் 3 என்று காட்டும்போதே புல் வெள்ளையாகிவிடும்.

ஏறும்போது குளிர் பிரச்சினை இல்லை. கண்டியிலிருந்து கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக ஏ5 வீதியில் ஏறினால் வியர்வையில் குளிப்பீர்கள். இறக்கம்தான் ஆளை விறைக்க வைக்கும். மிதிக்காததால் உடம்பு சூடு உண்டாக்காது, முன்னால் 40 கி.மீ காற்று. 5 பாகையில் 40 கி.மீ வேகம் என்றால் வெறும் தோலுக்கு அது −1 மாதிரி. சரி, மெதுவாக இறங்குவோம் என்று 20 கி.மீயில் வந்தாலும் +1 தான். பார்த்தீர்களா, வேகத்தைக் குறைப்பதால் கிடைப்பது 2 பாகை மட்டுமே. உடுப்பாலும் நேரத்தாலும்தான் தப்பலாம். இந்தக் காற்றுக்குளிர்க் கணக்கு 10 பாகைக்குக் கீழேதான் பொருந்தும், அதுவும் உலர்ந்த தோலுக்கு. யாழ்ப்பாணத்துக்கு அதைப் போட்டுப் பார்க்காதீர்கள்.

என் எல்லைகள்: 3 பாகைக்குக் கீழே இறங்க வேண்டாம், 9 மணி மட்டும் பொறுத்திருங்கள். 3க்கும் 10க்கும் இடையில் றோட்டும் உடுப்பும் உலர்ந்திருந்தால், கையுறையோடு இறங்கலாம். 10க்குக் கீழே மழை என்றால் இறங்கவே வேண்டாம், சைக்கிளை பஸ்ஸிலோ வானிலோ ஏற்றுங்கள். மழை 15 பாகையில் பெய்தாலும் முழு இறக்கத்தை ஒரே மூச்சில் செய்யக் கூடாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை அந்தப் பகுதிக்கு இருந்தால் பயணமே வேண்டாம்.

விரல்தான் முதலில் போகும். விறைத்த விரல் பிறேக்கை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறது என்று உங்களுக்கே தெரியாது. ஹாட்வெயார் கடையில் விற்கும், உள்ளங்கையில் றப்பர் பூசிய வேலைக் கையுறை, உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை. இரண்டையும் போட்டுக்கொண்டு பிறேக்கைப் பிடிக்க முடிகிறதா என்று ஊரிலேயே பாருங்கள். மேசுக்கு மேல் சொப்பின் பை, அதற்கு மேல் சப்பாத்து. மேலே போய்ச் சேர்ந்தவுடன் நனைந்த பெனியனைக் கழற்றி உலர்ந்ததைப் போட வேணும், தேத்தண்ணிக்கு முதல் அதுதான் வேலை. இறங்க முன் சாப்பிடுங்கள். நடுங்குவதற்கும் உடம்புக்கு மாச்சத்து வேணும், பனங்கட்டி நாலைந்து துண்டு சட்டைப் பையில் இருக்கட்டும். சாராயம் வேண்டாம். தோலுக்கு இரத்தத்தை அனுப்பிச் சூடு மாதிரிக் காட்டும், உள்ளே இருக்கும் சூட்டை வெளியே விட்டுவிடும்.

15 நிமிடத்துக்கு ஒருதரம் நின்று, ஆளுக்கு ஆள் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கதையுங்கள். நாக்குக் குழறினால், சட்டைப் பொத்தானைப் பூட்டத் தெரியாமல் தடுமாறினால், நடுங்கிக்கொண்டிருந்தவர் சூடேறாமலே நடுக்கம் நின்றுபோனால், அந்த ஆளின் ஓட்டம் அத்தோடு முடிந்தது. ஈர உடுப்பைக் கழற்றி, உலர்ந்தது சுற்றி, விழிப்பாக இருந்து விழுங்க முடிந்தால் மட்டும் இனிப்பான சுடுதண்ணி கொடுத்து, வாகனத்தில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். கைகாலைத் தேய்க்க வேண்டாம்.

ரயர் பற்றிக் கேட்பார்கள் என்பதால்: ஊரில் 30 பாகையில் 60 பி.எஸ்.ஐ அடித்தால், 5 பாகையில் அது 54 ஆகும். ஆனால் மலையில் வெளிக்காற்றின் அமுக்கமும் குறைவு என்பதால் மானி 57 அளவில் காட்டும். திரும்ப அடிக்கத் தேவையில்லை. இறக்கத்தில் றிம் பிறேக்கைத் தொடர்ந்து உரச விடாமல், இறுக்கிப் பிடித்து விட்டு, மற்றதைப் பிடித்து விட்டு வாருங்கள். தொடர்ந்து உரசினால் றிம் கொதித்து ரியூப் வெடிக்கும்.

---

ரொறன்ரோ_கொக்குவில்:

இங்கே −10இலும் ஆக்கள் ஓடுகினம், ஆனால் அது வேறு விளையாட்டு: ஆணி வைத்த ரயர், இரண்டு விரல் சேர்ந்த தடித்த கையுறை. முதலில் பிழைப்பது பின் சில்லின் பிறீவீல். உள்ளே இருக்கும் கிறீஸ் இறுகி, பல்லைப் பிடிக்க வேண்டிய நாக்குகள் எழும்பாது, பெடல் சும்மா சுத்தும். நுவரெலியாக் குளிருக்கு அது வராது. ஆனால் ஊர்க் கடையில் பிறீவீலுக்குள் தடித்த கிறீஸை அடைத்துவிடுவது உண்டு, அதை மட்டும் செய்ய விடாதேங்கோ, மெல்லிய ஓயில் போதும்.

---

நெல்லியடி_5.15:

எல்லாருக்கும் நன்றி. படலையில இருந்து 70 எட்டு அளந்தாச்சு, முன்வீட்டுச் சந்திக் கம்பம் சரியா வருது. வலக்காது விசயத்தை நான் ஒருநாளும் யோசிக்கேல்லை. மழைக்கோட்டுக்கு ஒருத்தரும் பதில் சொல்லேல்லை. வீட்டில கிடக்கிறது தலையால போடுற பிளாஸ்ரிக் போர்வை மாதிரியானது. வல்லைக்கு அது சரிவருமோ?

---

வாடைக்காத்து:

வல்லைக்கு அது வேண்டாம் அக்கா. காற்றில் பாய்மரம் மாதிரி விரிந்து சைக்கிளோடு உங்களையும் தள்ளும். பின்தொங்கல் சில்லுக் கம்பிக்குள் போனால் அந்த இடத்திலேயே விழுத்தும். காற்றில்லாத ஊர்த் தெருவுக்கு மட்டும் அதைப் பாவியுங்கள், அப்பவும் முன் ஓரத்தை ஹாண்டிலில் மாட்டி, பின் ஓரத்தை இடுப்பில் கயிற்றால் கட்ட வேணும்.

உங்கள் பாதைக்கு முன்னால் சிப் வைத்த, இடுப்பளவு மழைச்சட்டை நல்லது. கழுத்துச் சிப்பை நாலு விரல் திறந்து விடுங்கள். முழுக்க மூடினால் 22 பாகையில் உள்ளே வியர்த்து, மழையில் நனைந்த அளவு ஈரம் வரும். காற்சட்டை நனையட்டும், கால் மிதித்துக்கொண்டே இருப்பதால் குளிராது. தொப்பி மடல் தலையோடு திரும்பாத சட்டை என்றால் அதைப் போடாதீர்கள், வலப்பக்கம் திரும்பிப் பார்க்கும்போது துணிதான் தெரியும். மஞ்சள் அல்லது செம்மஞ்சள் நிறம் எடுங்கள், முதுகில் ஒளி தெறிக்கும் நாடா இரண்டு விரல் அகலத்தில் குறுக்கே ஒட்டுங்கள். பின் லைற்றைச் சட்டை மறைக்கிறதா என்று வீட்டில் ஒருவரைப் பின்னால் 50 மீற்றரில் நிற்கவைத்துப் பார்த்துவிட்டு வெளிக்கிடுங்கள்.